மாலத்தீவு ரிசார்ட்டில் ஸ்பா தெரபிஸ்ட் வேலை: புதிதாகப் போகிறவர்களுக்கு

மாலத்தீவுக்கு ஸ்பா வேலைக்கு, அதாவது ரிசார்ட்டில் மசாஜ் செய்கிற வேலைக்கு, போகலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சான்றிதழைக் கேட்பதில்லை. "கையைக் காட்டும்மா" என்பேன். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொல்வேன். அப்போது பெருவிரலின் அடியில் சுரீரென்று வலித்தால், வெளிநாட்டுப் பேச்சு பிறகு. முதலில் அந்தக் கையைச் சரிசெய்ய வேண்டும்.

நான் நாகர்கோவில்காரி. ஏழு வருடம் அங்கே இரண்டு ரிசார்ட்டுகளில் தெரபிஸ்டாக இருந்தேன். நல்ல சம்பளத்துக்குப் போய், இரண்டாம் வருடமே தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறக்க முடியாத கையோடு ஊர் திரும்பிய பெண்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் ஆகியும் பூப்போல வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் திறமை அல்ல. கையையும் தன்னையும் காத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் நிலைத்தார்கள். வீட்டில் முடிவு எடுப்பதிலிருந்து வேலையை விட்டுக் கிளம்புவதுவரை, இனி சொல்லப்போகிற எல்லாமே அதை ஒட்டித்தான்.

எப்படிப்பட்ட இடம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள். முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-இல் திறந்தது. அன்று தொட்டு அங்கே 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பதுதான் வழக்கம். தீவு முழுக்க ஒரே ஓட்டல். தெருமுனைக் கடை, பஸ் ஸ்டாண்ட், கோயில், சினிமா எதுவும் கிடையாது. கெஸ்ட் கண்ணில் படாத ஒரு பகுதியில் ஊழியர் விடுதி, ஸ்டாஃப் கேன்டீன், சின்ன கிளினிக், ஒரு தொழுகையிடம், கூடைப்பந்து அளவுக்கு ஒரு மைதானம். பதினோரு மாதம் அதுதான் ஊர். அறையில் உங்களோடு இன்னும் ஒருவரோ மூவரோ இருப்பார்கள். ஸ்பா குழுவில் பாலி, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், நேபாளம், கேரளா, இலங்கை என்று பல ஊர்க்காரர்கள் இருப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முதல் நாளே தடுமாற வைக்கும். மாலத்தீவு நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் கெஸ்ட்டுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று தலைநகர் மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் கடிகாரத்தை வைத்துக்கொள்ளும். ஷிஃப்ட் எல்லாம் அந்தத் 'தீவு நேர'ப்படிதான். ஃபோன் தானாகக் காட்டும் நேரத்தை நம்பி நான் முதல் நாள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன்.

வீட்டில் பேசுவது

நம் ஊரில் ஸ்பா என்றால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. போலீஸ் சோதனைச் செய்திகளில் அந்தச் சொல் எப்படி வருகிறது என்று எல்லோரும் படிக்கிறோம். அப்பா அம்மாவிடம் மழுப்பாதீர்கள். "ஓட்டலில் ரிசப்ஷன் வேலை" என்று பொய் சொல்லிப் போன ஒரு பெண், அங்கே ஒரு கெஸ்ட்டால் சிக்கல் வந்தபோது வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்ததை அருகில் இருந்து பார்த்தேன். உடம்பின் தசை, நரம்பு, ரத்த ஓட்டம் படித்துச் செய்கிற தொழில் இது. ரிசார்ட்டின் பெயர், ஒப்பந்தக் கடிதம், ஸ்பா மேனேஜரின் பெயர் எல்லாவற்றையும் வீட்டில் காட்டுங்கள். காட்டத் தயங்க வைக்கிற வேலையாக இருந்தால் அந்த வேலையையே இன்னொரு முறை யோசியுங்கள்.

என்ன கற்றுக்கொண்டு போக வேண்டும்

அடித்தளம் ஸ்வீடிஷ் மசாஜ். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வு என்ற ஐந்து அசைவுகளும் கைக்கு வந்துவிட்டால், பாலினீஸ், டீப் டிஷ்யூ (ஆழத் தசைவரை பலமாக அழுத்துவது), ஹாட் ஸ்டோன் (சூடான கல் வைப்பது), அரோமாதெரபி (வாசனைத் தைல மசாஜ்) எல்லாம் அதன்மேல் கட்டுகிற மாடிகள்தான். தாய் மசாஜ் தனி. பாயில் படுக்கவைத்து, உடையோடு, எண்ணெய் இல்லாமல் இழுத்து மடக்கிச் செய்வது. அந்தக் கலையை யுனெஸ்கோ 2019-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதைத் தாய்லாந்து பெண்களோடு போட்டி போட்டுச் செய்ய வேண்டியதில்லை, அடிப்படை தெரிந்தால் போதும்.

நம் பக்கத்திலிருந்து போகிற பலர் ஆயுர்வேதம் மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். அபியங்கமும் (உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது) சிரோதாராவும் (நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடுவது) தெரிந்திருப்பது பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் என்றால் ஆயுர்வேதப் பிரிவு இருக்கிற ரிசார்ட் மட்டுமே உங்களுக்குத் திறக்கும். என் யோசனை: மூன்று மாதம் கூடுதலாகச் செலவழித்து ஃபேஷியல் கற்றுக்கொள்ளுங்கள். வேலை கிடைப்பது எளிதாகும். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு டீப் டிஷ்யூவுக்கு நடுவில் ஒரு ஃபேஷியல் வந்தால் அந்த ஒரு மணி நேரம் உங்கள் தோளுக்கும் விரலுக்கும் ஓய்வு.

சான்றிதழில் சிடெஸ்கோ, சிப்டாக், ஐடெக் ஆகிய பெயர்களை உலகம் முழுக்க ஸ்பா மேனேஜர்கள் அறிவார்கள். செலவு அதிகம். முடியாதவர்கள் நம் நாட்டின் பியூட்டி அண்ட் வெல்னஸ் திறன் கவுன்சில் சான்றிதழோடு, ஒரு நல்ல நட்சத்திர ஓட்டல் ஸ்பாவில் ஒன்றரை, இரண்டு வருட அனுபவம் சேர்த்துக்கொண்டு போகலாம். காகிதத்தைவிட அந்த இரண்டு வருடம்தான் கையில் தெரியும்.

இங்கிலீஷ் கவிதை மாதிரி வர வேண்டாம். வரவேற்பது, உடல்நிலை விசாரிப்பது, அழுத்தம் போதுமா என்று கேட்பது, திரும்பிப் படுக்கச் சொல்வது, முடிந்தது என்று மெதுவாகச் சொல்வது, வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வது. இதற்கு ஐம்பது அறுபது வாக்கியம் தெளிவாக வந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைக் கண்ணாடி முன் நின்று சத்தமாகப் பழகுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உடம்பைச் சாய்க்கக் கற்பது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நான் போன புதிதில் எல்லாவற்றையும் பெருவிரலால் அழுத்துவேன். முதல் ரிசார்ட்டில் என்னோடு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். இரவு ஷிஃப்ட் முடிந்து எண்ணெய்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, விரலாலை அமத்தாதேங்கோ. விரல் கொஞ்ச நாளிலை போயிடும். உடம்பைச் சாய்ச்சு அமத்துங்கோ" என்றார். அங்கேயே ஒரு கட்டிலின் உயரத்தை மாற்றிக் காட்டினார். பக்கத்தில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்களின் முட்டி கட்டிலின் மேல்பரப்பை உரச வேண்டும். அதுதான் அளவு. கட்டில் அதைவிட உயர்ந்தால் தோளைத் தூக்கி அழுத்துவீர்கள். தாழ்ந்தால் இடுப்பு ஒடியும்.

ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் வைத்து நில்லுங்கள். பின்னங்காலின் குதிகாலிலிருந்து எடை கிளம்பி, இடுப்பு வழியாக, நேரான கை வழியாகக் கெஸ்ட்டின் முதுகுக்குப் போக வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. முதுகின் நீளத் தசைகளுக்கு முன்கை, தோள்பட்டை முடிச்சுகளுக்கு மெதுவாக இறக்கிய முழங்கை, தொடைக்கு மடக்கிய முஷ்டி. கழுத்து, பாதம், உள்ளங்கை போன்ற சின்ன இடங்களுக்கு மட்டும் பெருவிரல். அதுவும் ஒன்றின்மேல் இன்னொன்றை வைத்து.

அக்கா சொன்னபடி கேட்க நான் தாமதித்தேன். ஒரு ஜனவரி மாதம் தொடர்ந்து மூன்று டீப் டிஷ்யூ போட்டார்கள். புதியவள், மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்று செய்தேன். நான்காம் நாள் வலது பெருவிரல் அடியில் வீங்கி, சாவியைத் திருப்ப முடியவில்லை. தீவு டாக்டர் பட்டை கட்டி மூன்று வாரம் மசாஜ் கூடாது என்றார். அந்த மூன்று வாரமும் துண்டு மடித்தேன், கமிஷன் இல்லை. அதற்குப் பிறகு அட்டவணை வந்ததும் பார்த்து, "இரண்டுக்கு மேல் தொடர்ச்சியாக டீப் வேண்டாம், நடுவில் ஃபேஷியலோ ஸ்க்ரப்போ போடுங்கள்" என்று ரிசப்ஷனில் சொல்லப் பழகினேன். ஒருவரும் கோபிக்கவில்லை.

ட்ரேட் டெஸ்ட்

பொதுவாக வீடியோவில் ஒரு பேட்டி, பிறகு நேரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் மசாஜ் செய்து காட்ட வேண்டும். படுத்திருப்பது பெரும்பாலும் ஸ்பா மேனேஜரோ பயிற்சியாளரோதான். அவர் பார்க்கிற விஷயங்கள் நீங்கள் நினைப்பதைவிட எளியவை. நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா, கை கழுவினீர்களா, எண்ணெயை முதலில் உங்கள் உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்கினீர்களா, தொடத் தொடங்கும் முன் கேட்டீர்களா, துண்டால் சரியாகப் போர்த்தினீர்களா. வேலை செய்கிற பாகம் மட்டும் திறந்திருக்க வேண்டும். திருப்பிப் படுக்கவைக்கும்போது துண்டை இரு கையாலும் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது ஒரு மரியாதை. அதில் மதிப்பெண் நிறைய.

தொடர்ச்சியும் பார்ப்பார்கள். எண்ணெய் எடுக்கப் போகும்போதுகூட ஒரு கை உடம்பில் இருக்கட்டும். கையைச் சட்டென்று எடுத்தால், கண்மூடிக் கிடக்கிறவருக்கு யாரோ போய்விட்ட மாதிரித் தோன்றும். அவசரப்படாதீர்கள். தெரிந்த எல்லா வித்தையையும் அரை மணியில் காட்டப் பார்த்துத் தோற்றவர்கள்தான் அதிகம்.

ஏஜென்டும் ஒப்பந்தமும்

இந்தியாவிலிருந்து போகிறவர்கள், ஏஜென்ட் வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணை வைத்துப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய ரிசார்ட் குழுமங்கள் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நேரடியாகவே ஆள் எடுக்கின்றன, பைசா வாங்குவதில்லை. தமிழக அரசின் ஓஎம்சிஎல் நிறுவனம் 1978 முதல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பி வருகிறது. அங்கேயும் விசாரிக்கலாம். மாலத்தீவு இசிஆர் நாடுகளின், அதாவது வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படுகிற நாடுகளின், பட்டியலில் இல்லை. ஆகவே 'எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் அது பொய். இலங்கையிலிருந்து போகிறவர்கள் கிளம்பும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கட்டாயம் பதிய வேண்டும்.

இன்னொரு வலை. மாலத்தீவில் இறங்குகிற இந்தியருக்கும் இலங்கையருக்கும் இலவச டூரிஸ்ட் விசா கிடைக்கும். "அதில் போய் இறங்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். போகாதீர்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை செய்வது குற்றம், மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான். வேலை அனுமதி உங்கள் பெயரில், பாஸ்போர்ட் எண்ணோடு, ரிசார்ட்டின் பெயரில் வந்த பிறகே டிக்கெட்.

ஒப்பந்தத்தில் நான் விரல் வைத்துப் படிக்கச் சொல்கிற வரிகள் இவை. அடிப்படைச் சம்பளம் டாலரிலா, மாலத்தீவுப் பணமான ருஃபியாவிலா? சர்வீஸ் சார்ஜில் முழுப் பங்கு எந்த மாதத்திலிருந்து? கமிஷன் டிரீட்மென்ட்டுக்கு எத்தனை சதவீதம், பொருள் விற்பனைக்கு எத்தனை? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம் கையால் செய்கிற வேலை? வருட விடுப்புக்குப் போய்வர டிக்கெட் யார் செலவு? அங்குள்ள சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஒரு வருடம் முடிந்தால் சம்பளத்தோடு 30 நாள் விடுப்பு. இவை உங்கள் உரிமை. சலுகை அல்ல.

கையால் செய்கிற மணி நேரத்தைப் பற்றிய கேள்விக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பதிலே இருக்காது. மின்னஞ்சலில் கேளுங்கள். ஐந்து மணி நேரம் என்று பதில் வந்தால் நல்ல இடம். ஆறு என்றால் உடம்பு தாங்க நீங்கள் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். "பிசியைப் பொறுத்து" என்று வந்தால், நானாக இருந்தால் வேறு இடம் பார்ப்பேன்.

பெட்டியில் என்ன, என்ன கூடாது

மாலத்தீவு இஸ்லாமிய நாடு. மது, பன்றி இறைச்சிப் பொருள், வழிபாட்டுச் சிலை எதையும் உள்ளே கொண்டுபோகச் சுங்கத்தில் தடை. அம்மா ஆசையாகத் தருகிற சின்ன முருகன் விக்ரகத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள், மனசு உடைந்துபோகும். மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டோடு, அசல் அட்டையோடு. வலிநிவாரணிகளில் சிலவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு.

தூரத் தீவு என்றால் கடல் விமானத்தில் போக வேண்டியிருக்கும். அதில் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் இறங்கினால் ஓர் இரவு தங்க வேண்டிவரும், அதை ரிசார்ட் ஏற்பாடு செய்யுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் இடம் இருந்தால் நல்ல மெத்தென்ற செருப்பு, கால் வீங்காமல் இருக்க இறுக்கமான காலுறை, சானிட்டரி நாப்கின், ஊறுகாய், பருப்புப் பொடி. தீவுக் கடையில் எல்லாம் விலை அதிகம், பல நேரம் கிடைக்கவும் கிடைக்காது. பிளஸ் டூ சான்றிதழிலிருந்து ஒப்பந்தம் வரை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை உண்டு. அது முடிந்த பிறகுதான் விசா வேலை முழுமையாகும். அதற்காகப் பாஸ்போர்ட்டை ஹெச்ஆர் வாங்குவார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள்.

டிரீட்மென்ட் அறையில்

கெஸ்ட் வந்ததும் ஒரு படிவம் நிரப்புவார். பல தெரபிஸ்டுகள் அதை வாங்கி மடித்து வைத்துவிடுகிறார்கள். படியுங்கள். படித்த பிறகும் வாயால் கேளுங்கள். மாலத்தீவில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு, ஊரில் இருந்த ஸ்பாவில் இவை எனக்குத் தெரியாது.

"இன்று டைவ் செய்தீர்களா?" ஆழ்கடல் டைவிங் முடித்து வந்தவருக்கு அன்றே பலமான மசாஜ் கூடாது. வேகமாக மேலே வந்தால் ரத்தத்திலும் திசுவிலும் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகலாம். அதன் அறிகுறியே மூட்டு வலி, தோள் வலி, தோலில் அரிப்பு, மரத்துப்போதல். நீங்கள் அழுத்திவிட்டால், அந்த வலி மசாஜால் வந்ததா குமிழியால் வந்ததா என்று டாக்டருக்கே குழப்பமாகிவிடும். டைவ் முடித்து வந்து "தோளில் பிடிப்பு, நன்றாக அழுத்துங்கள்" என்று ஒரு கெஸ்ட் கேட்டால், எண்ணெயைத் தொடாதீர்கள். மேனேஜரை அழைத்து, டைவ் சென்டருக்கும் டாக்டருக்கும் தகவல் போக வேண்டும்.

"எவ்வளவு நேரம் பறந்து வந்தீர்கள்?" ஐரோப்பாவிலிருந்து பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்தவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். அந்தக் காலைத் தொடவே கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

வெயிலில் தோல் வெந்து சிவந்து வருகிறவர்கள் தினமும் உண்டு. அவர்களுக்கு ஸ்க்ரப், ஹாட் ஸ்டோன், அழுத்தம் எல்லாம் வேண்டாம். குளிர்ந்த கற்றாழைப் பூச்சும் தலை, பாத மசாஜும் பேசி மாற்றிவிடலாம். எண்ணெயிலும் கவனம் தேவை. பெர்கமாட், எலுமிச்சை வகைத் தைலங்கள் பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடும். காலையில் மசாஜ் முடித்து நேரே கடற்கரைக்குப் போகிறவருக்கு லாவெண்டர் கொடுங்கள். கலக்கும் அளவு 30 மில்லி அடிப்படை எண்ணெய்க்கு 12 முதல் 18 சொட்டு, அதற்குமேல் போக வேண்டாம். கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதாம் எண்ணெய் கூடாது. கர்ப்பமாக இருப்பவர், புதிதாக அறுவைச் சிகிச்சை ஆனவர், காய்ச்சலோடு வருகிறவர் யாராக இருந்தாலும் மேனேஜரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

ஹாட் ஸ்டோன் கல்லை எடுத்தவுடன் கெஸ்ட் முதுகில் வைக்காதீர்கள். உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத சூடு அவருக்கும் சூடுதான்.

இரண்டு டிரீட்மென்ட்டுக்கு நடுவில் பதினைந்து நிமிடம் இருக்கும். விரிப்பு மாற்றி, தரை துடைத்து, பூ வைத்து, அடுத்த எண்ணெயைச் சூடாக்க அதுவே போதாது என்று தோன்றும். அதில் இரண்டு நிமிடம் உங்களுக்கு. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒரு கையால் மறுகையின் விரல்களைப் பின்னோக்கி மெல்ல இழுத்து, முப்பது எண்ணும்வரை வையுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

நிறுத்துகிற உரிமை

பெரும்பாலான கெஸ்ட்டுகள் மரியாதையானவர்கள். தேனிலவுக்கு வருகிற ஜோடிகள், வேலையில் களைத்து வருகிறவர்கள், மசாஜ் நடுவில் காரணம் சொல்லாமல் அழுகிறவர்கள். ஆனால் எப்போதாவது ஒருவன் துண்டை விலக்குவான், கையைப் பிடிப்பான், கூடுதலாகப் பணம் தருகிறேன் என்று ஏதாவது கேட்பான். அப்படி ஒரு நாள் வரும் என்று எண்ணித் தயாராகவே இருங்கள்.

முதல் தடவையே, தெளிவான குரலில்: "நோ சார். திஸ் இஸ் எ புரொஃபெஷனல் ஸ்பா. ஐ வில் ஸ்டாப் த ட்ரீட்மென்ட்." கண்ணாடி முன் பழகச் சொன்னது இதைத்தான். சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள். பதற்றத்தில் சிரிப்பு வரும், அதை அவன் சம்மதமாக எடுத்துக்கொள்வான். மறுபடி நடந்தால் பேச்சே வேண்டாம். கையை எடுத்து, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். எண்ணெய், துண்டு, எதையும் எடுக்க நிற்காதீர்கள். நேரே மேனேஜரிடம் போங்கள். அன்றே நேரம், அறை எண், நடந்தது, சொன்னது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் தங்கியிருக்கிற வில்லாவுக்குள் போய்ச் செய்கிற டிரீட்மென்ட் என்றால், எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ரிசப்ஷனில் சொல்லாமல் போகாதீர்கள். இருவராகச் செல்ல முடியுமானால் கேளுங்கள்.

பேட்டியின்போதே மேனேஜரிடம் கேளுங்கள்: "கெஸ்ட் தவறாக நடந்தால் தெரபிஸ்ட் நிறுத்தலாமா, அந்த டிரீட்மென்ட்டுக்குக் கமிஷன் வெட்டுவீர்களா?" நல்ல மேனேஜர் இந்தக் கேள்விக்கு முகம் மாறமாட்டார். எங்கள் இரண்டாவது ரிசார்ட்டின் பாலிக்கார மேனேஜர், "நிறுத்திவிட்டு என்னிடம் வா, கெஸ்ட்டிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். அதற்காகவே அங்கே ஐந்து வருடம் இருந்தேன். ரிசார்ட்டே கைவிட்டால் மாலேயில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, இலங்கைத் தூதரகமும் இருக்கிறது. தொலைபேசி எண்ணை ஊரிலிருந்து கிளம்பும் முன் ஃபோனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பணம்

வருமானம் நான்கு ஓடையாக வரும்: அடிப்படைச் சம்பளம், சர்வீஸ் சார்ஜ், கமிஷன், டிப்ஸ். கெஸ்ட் பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வசூலித்து ஊழியர்களுக்குப் பகிர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். தீவு நிறைந்தால் அது கூடும், காலியானால் குறையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட வடகிழக்குக் காற்றுக் காலம். உள்ளூரில் 'இருவை' என்பார்கள். அப்போது கூட்டம். மே முதல் அக்டோபர் வரை 'ஹுல்ஹங்கு', மழை, கொந்தளிப்பு, கெஸ்ட் குறைவு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். அடிப்படை 400 டாலர் என்றால், பிப்ரவரியில் எல்லாம் சேர்ந்து கையில் 1,200 வரலாம், ஜூனில் அதே ஆளுக்கு 650-தான் வரலாம். வீட்டுக் கடன் தவணையை ஜூன் மாதத்தை வைத்துத் திட்டமிடுங்கள். பிப்ரவரியை வைத்து நகைக்கடனும் வீட்டுக்கடனும் எடுத்துவிட்டு, மழைக்காலத்தில் கூடுதல் ஷிஃப்ட் கெஞ்சிக் கையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

மாதம் 60,000 ருஃபியா வரை அங்கே வருமான வரி இல்லை. டாலருக்கு 15.42 ருஃபியா என்ற கணக்கில் அது 3,890 டாலரை ஒட்டி வரும், ஆகவே நம்மைத் தொடாது. இந்தியர்கள் ஊரில் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழ்கிற இந்தியருக்கான வங்கிக் கணக்கு) பற்றி வங்கியில் கேட்டுத் திறந்துகொள்ளுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.

பொருள் விற்பனைக்கும் கமிஷன் உண்டு. கெஸ்ட் காதில் விளம்பரம் ஓதாதீர்கள். டிரீட்மென்ட் முடிந்து இஞ்சித் தேநீர் கொடுக்கும்போது, அவர் தோலுக்கு நீங்கள் உண்மையில் எதைப் பயன்படுத்தினீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள். கேட்டால் வாங்குவார்.

கிளம்பும்போது

மூன்றாவது மாதம் தனிமை அமுக்கும். எல்லோருக்கும் வரும். வீட்டுக்கு வீடியோவில் பேசுவதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாளில் ஸ்டாஃப் படகில் மாலே போய்வாருங்கள். கடற்கரையோரம் தூத்துக்குடியிலிருந்து காய்கறி ஏற்றி வந்த தோணி நின்றால், அதிலிருந்து இறங்குகிறவர்களின் தமிழைக் காது நிறையக் கேட்டுவிட்டு வரலாம். நான் அப்படிச் செய்திருக்கிறேன்.

வேலையை விட்டு வரும்போது அனுபவச் சான்றிதழ், அங்கே கொடுத்த ஒவ்வொரு பயிற்சியின் சான்றிதழ், விடுப்புக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சார்ஜ் அடுத்த மாதம்தான் கணக்கிட்டு வரும் என்பதால், உங்கள் கடைசி மாதப் பங்கு நீங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகே கிடைக்கும். எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு அனுப்புவார்கள் என்பதை ஹெச்ஆரிடமிருந்து மின்னஞ்சலில் வாங்காமல் படகு ஏறாதீர்கள். எனக்கு அது ஆறு வாரம் கழித்து வந்தது. அந்த ஒரு மின்னஞ்சலை நான்கு முறை திருப்பி அனுப்பிக் கேட்ட பிறகுதான் வந்தது.